விரல் வலிக்குப் பல் டாக்டர்

கழுத்து வலி என்று போனவரை அவர் கண் டாக்டரிடம் அனுப்பினார். போனவர் எங்கள் ஊர்த் தச்சர். அனுப்பியவர் தச்சரின் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பலகையைக் கையில் கொடுத்து, "வழக்கமா கோடு போடுவீங்கள்ல, அது மாதிரி ஒண்ணு போடுங்க" என்றார். தச்சர் பலகையை மூக்குக்குப் பக்கத்தில் தூக்கிக் கோடு போட்டார். அதைப் பார்த்ததுமே அவர், "இது நம்ம கைக்கு ஆகாதுங்க. புதுக்கோட்டையில கண் டாக்டரப் பாருங்க" என்று முடித்துவிட்டார். தச்சர் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினார். கண்ணாடி போட்டபின் கழுத்து வலி பாதிக்கு மேல் விட்டுவிட்டது. ஆனால் அதுவரை தான் செய்து கொடுத்திருந்த கதவுகளையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு ரொம்ப நாள் வருத்தமாக இருந்தார்.

கண் டாக்டரிடம் அனுப்பியவர் டாக்டர் இல்லை. வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்த மாணவர். என்னைவிடச் சிறியவர். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் அரிமளத்தில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அவரைக் கேட்டால், "கை கால் வராதவுகளுக்கு வர வைக்கிற படிப்பு" என்பார். என் தையல் கடைக்கு அடுத்த டீக்கடைக்காரர் அதைச் சுருக்கி, "நீவி விடுற படிப்பு" என்பார்.

அந்த மாணவர் லீவில் வரும்போதெல்லாம் மளிகைக்கடைக்கு ஒட்டினாற்போல் இருந்த மூட்டை அறையில் ஒரு பெஞ்சு போட்டு ஆட்களைப் பார்ப்பார். கதவு கிடையாது, சாக்குத் திரைதான். காத்திருப்பவர்களுக்கு வெளியே ஒரு பெஞ்சு. முதுகு பிடித்தவர்களும் முட்டி வலிக்காரர்களும் நீவிவிடுவார் என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் கிண்ணம் வந்தபடியே திரும்பிப் போகும்.

ஒல்லியான ஆள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசுவார். முட்டி வலி என்றால், "காய்ச்சல் அடிக்குதா? வலி தூக்கத்துல எழுப்புதா? ஒண்ணுக்குப் போறதுல செரமம் உண்டா?" என்று கேட்பார். முட்டிக்கும் ஒண்ணுக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சண்டைக்கே போயிருக்கிறார்கள். அவர் கோபப்பட மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது நம்ம கைக்கு ஆகாது" என்பார். எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போக வேண்டும், எந்த பஸ்ஸில் போனால் கூட்டம் இருக்காது என்பதுவரை வெளிப் பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொல்லி அனுப்புவார்.

இதனால் ஊரில் அவருக்குக் கைகாட்டி என்று பெயர் விழுந்தது. முக்கு ரோட்டில் நிற்கும் கைகாட்டி மரம் எல்லா ஊருக்கும் வழி காட்டும், தான் எங்கும் போகாது என்று டீக்கடைக்காரர்தான் விளக்கம் சொன்னார். திரையை விலக்கிக்கொண்டு யார் வெளியே வந்தாலும், "எங்கிட்டுப்பா கைகாட்டுனாரு?" என்று கேட்பது அவர் வழக்கம். வந்தவர் சொல்லியாக வேண்டும். சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். சொன்னவரும் சேர்ந்து சிரித்துவிட்டு ஒரு டீ குடிப்பார். லீவு நாட்களில் அந்த டீக்கடை நன்றாக ஓடியது.

அந்தக் கைகள் முதலிலேயே முதுகுக்குப் பின்னால் போனவை அல்ல. படிக்கப் போன முதல் வருஷ லீவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து இழுத்து மடக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பெரியம்மாவுக்கு அப்போது வலது முட்டி வீங்கியிருந்தது. மடக்கி நீட்டினால் சரியாகும் என்று காலையும் மாலையும் மடக்கி நீட்டினார். பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளை படித்துவிட்டு வந்து செய்கிறானே என்று பேசாமல் இருந்திருக்கிறார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. குளிர் காய்ச்சல் வந்து மாட்டு வண்டியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மட்டும் அதன் பிறகு மடங்கவில்லை.

பெரியம்மாவுக்குக் கோபம் கிடையாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் காலை நேராக நீட்டிக்கொண்டுதான் உட்காருவார். போகிறவர் வருகிறவரெல்லாம் தடுக்குவார்கள். "பாத்துப் போங்க. எங்க பய படிச்ச மொதப் பொஸ்தகம் இது" என்பார். மடக்கி நீட்டியவர் பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பெரியம்மா விடாமல் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வார்.

அதற்கடுத்த லீவில் அவர் யாரையும் தொடவில்லை. டீக்கடைக்காரர் படியில் இறங்கும்போது கால் பிசகி வந்தார். அவரைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டார். "திருச்சி போயிச் சேரையில வீக்கம் வத்திருச்சு. எங்கய்யா காலுன்னு டாக்டர் கேக்குறாரு. நான் எதக் காட்டுறது?" என்று டீக்கடைக்காரர் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு நீயே துணி கட்டி அனுப்பியிருக்கலாமே என்று அவர் அப்பா கேட்டதற்கு, "இருக்கலாம்பா. எதுக்கு அனுப்பணும், எதுக்கு வேண்டாங்கிறது இன்னும் சரியாப் பிடிபடல" என்றாராம். அப்பா அதைக் கடைக்கு வந்தவர்களிடம் சொல்ல, அதுவும் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது.

இந்த நிலையில்தான் நான் போனேன்.

எனக்கு இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் கொஞ்ச நாளாக நேராக நிமிரவில்லை. மெஷினில் துணியைத் தள்ளும்போது நழுவியது. தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கீரனூர். வாயு என்று நினைத்து இஞ்சி சாப்பிட்டுப் பார்த்தேன். பிறகு கேட்டுவிடலாம் என்று போனேன். எனக்குப் பொதுவாக நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச்சு வராது. அளவு சொல்வதோடு சரி. வெளிப் பெஞ்சில் டீக்கடைக்காரரே டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

"வாங்கண்ணே. எந்த விரலு?"

காட்டினேன். வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் ஓரத்தில் இருந்த புண்ணைப் பார்த்து, "இது எப்பச் சுட்டுச்சு?" என்றார்.

"இஸ்திரிப் பெட்டி பட்டிருக்கும் தம்பி."

"படும்போது தெரியலையா?"

நான் யோசித்தேன். மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னேன்.

கொஞ்சம் பஞ்சை எடுத்துத் திரித்தார். "கண்ண மூடிக்கங்க. தொட்டாச் சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"எப்பத் தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் சுண்டுவிரல் மேல்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கையைப் பின்னால் கொண்டுபோகவில்லை. என் சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கைக்கு உள்பக்கம் எலும்பு இடுக்கில் விரலை வைத்து உருட்டினார். உள்ளே கயிறு மாதிரி ஏதோ உருண்டது எனக்கே தெரிந்தது. முழங்கைக்குக் கீழே வெளுத்திருந்த தேமலையும் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். அதிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "இது பெரிய வியாதியா இருக்கும்னு எனக்குத் தோணுது. தோணுறதுதான். டாக்டர்தான் சொல்லணும். இதுக்கு இப்ப மாத்திரை இருக்குண்ணே. சீக்கிரம் போனா கை நிக்கும்."

தொழுநோயைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். அந்த வியாதி வந்த ஒருவர் கண்மாய்க் கரையில் குடிசை போட்டு இருந்தார். அவர் வீட்டார் சோற்றைப் பாறையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவார்கள். நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். பிறகு மெஷினை. யார் என்னிடம் துணி கொடுப்பார்கள்? பிறகு கீரனூரை நினைத்தேன். எழுந்து வெளியே போனதும் டீக்கடைக்காரர் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் அது தெரிந்திருந்தது. திரைப் பக்கம் பார்த்தார். வழக்கமான குரலுக்கு ஏறினார்.

"இது நம்ம கைக்கு ஆகாதுண்ணே. திருச்சியில பல் டாக்டரப் பாக்கணும். நானே கூட்டிட்டுப் போறேன்."

நான் அவரைப் பார்த்தேன். மறுபடியும் காதுக்கு வந்தார். "வெளிய கேப்பாக. நீங்களே சொல்லுங்க. ஒங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு ஊருக்கே தெரியும். நம்பிருவாக."

திரையை விலக்கினேன்.

"எங்கிட்டுப்பா கைகாட்டுனாரு?"

"பல் டாக்டர்கிட்ட."

"எதுக்கு?"

"விரலுக்கு."

டீக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "விரலுக்குப் பல் டாக்டரா?"

"ஆமா."

"வாயத் தொற பாப்போம்."

திறந்தேன். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எல்லாப் பல்லும் கல்லு மாதிரி இருக்கேப்பா."

"அதான் எனக்கும் தெரியல" என்றேன். அது நிஜமாகவே வந்த வார்த்தை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மறுநாள் வெளிப் பெஞ்சில் யாரும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. படிப்பு முடிந்ததும் மகன் உள்ளூரிலேயே உட்காரட்டும் என்று அந்த மூட்டை அறைக்குக் கதவு போட அவர் அப்பா தச்சரிடம் சொல்லி வைத்திருந்தார். அதை வேண்டாம் என்றுவிட்டார். "கடைக்கு வர்றவுக ஜாமான் வாங்கிட்டுச் சிரிச்சிட்டுப் போறாகடா" என்று மகனிடம் சொன்னதை நானே கேட்டேன். மகன் பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். மிளகாய் மூட்டைகள் அந்த அறைக்குத் திரும்ப வந்தன.

வாரத்தில் ஒரு நாள் அந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்கிற இடம், கீரனூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் இருந்தது. அந்த நிறுத்தத்தில் இறங்குகிறவனை பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வயல் வழியாகத் திரும்பி நடப்பது என்று பேசிக்கொண்டோம். போகிற வழியில் கீரனூரில் பஸ் நின்றது. எனக்கு மாமனார் ஆகப்போகிறவருக்கு அங்கே பஸ் நிறுத்தத்திலேயே வெற்றிலைபாக்குக் கடை. ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"மாப்பிள்ளை, திருச்சிக்கா?"

"பல்லு" என்றேன்.

கடைக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். "அடக்கிக்கங்க. வலி தெரியாது." நான் அடக்கிக்கொண்டேன். என்னைக் கூட்டிப்போனவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே இருந்த வயதான டாக்டர் ஊசியால் குத்தியும் வெந்நீர், பச்சைத் தண்ணீர் வைத்துத் தொட்டும் பார்த்தார். அந்த வியாதிதான் என்றார். "பரவுற வகை இல்ல. தையல் வேலை செய்யலாம், கல்யாணம் பண்ணலாம். மாத்திரைய மட்டும் நிறுத்தக்கூடாது. வருஷக்கணக்குல சாப்பிடணும்" என்றார். பிறகு என்னைக் கூட்டி வந்தவரைப் பார்த்து, "விரலுக்குப் பயிற்சி யார் சொல்லிக் கொடுப்பா?" என்று கேட்டார்.

"அது என் வேலைங்க" என்றார் அவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

திரும்பி வரும்போது வரப்பில் முன்னால் நடந்தபடியே, "கட்டிக்கப் போறவுககிட்டச் சொல்லணும்ணே" என்றார்.

"நீங்க சொல்லுங்களேன் தம்பி."

"இது நம்ம கைக்கு ஆகாது. நீங்கதான்."

"எனக்கு வாய் வராதே."

"கூட நிக்கிறேன்."

கீரனூரில் இறங்கினோம். மாமா சந்தோஷமாக, "பிடுங்கிட்டாகளா?" என்று கேட்டார். நான் கடைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். வெற்றிலை வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கூட நிற்கிறேன் என்று வந்தவர் எனக்கு ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்றிருந்த பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மாமா, அது பல்லு இல்ல" என்றேன். மீதியையும் சொன்னேன்.

மாமா வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தார். தெளித்த வெற்றிலைக்கே மறுபடியும் தெளித்தார். என்னைப் பார்க்கவில்லை. கூட நின்றவரைத்தான் கேட்டார். "தம்பி, ஒங்க தங்கச்சின்னா குடுப்பீங்களா?"

"எனக்குத் தங்கச்சி இல்லைங்க."

"இருந்தா?"

"டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் குடுப்பேன்."

மாமா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அவரு எந்தக் கெழமை இருப்பாரு?" என்றார். கிழமையைச் சொல்லி, எந்த பஸ்ஸில் கூட்டம் இருக்காது என்பதையும் இவர் சொன்னார்.

அதன் பிறகு கீரனூரிலிருந்து எந்தச் சேதியும் இல்லை. அவர் லீவு முடிந்து போகும் முன் தினமும் என் கடைக்கு வந்து சட்டைக்கு அளவு கொடுக்கிற மாதிரி நின்றுகொண்டு, விரலைத் தொடையில் வைத்து எப்படி நீவி நிமிர்த்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மூங்கில் பத்தையில் துணி சுற்றி, படுக்கும்போது விரலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். இஸ்திரிப் பெட்டியின் பிடிக்குத் தடித்த துணியில் உறை தைக்கச் சொன்னார். "சூடு தெரியாத கைய நம்பாதீங்க. கண்ணால பாத்துக்கிட்டே இருங்க" என்பார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இன்னும் எத்தனை பல்லு பாக்கி?" என்பார். "ரெண்டு" என்பார் அவர், என் விரல்களைப் பார்த்துக்கொண்டு.

தை வந்து போனது. பெண் வீட்டார் ஏன் தள்ளிப் போடுகிறார்கள் என்று கடை வாசலில் பேச ஆரம்பித்தார்கள். மாசி கடைசியில் ஒரு நாள் மாமா டீக்கடை முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்திரியைக் கீழே வைத்தேன். அவர் நேராக வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "வைகாசியில வச்சுக்குவோம். மாப்பிள்ளைக்குப் பல்லு வைத்தியம் ஒரு நெலைக்கு வரட்டும்னு பாத்தேன்" என்றார்.

மாமா தனியாகப் போய் அந்த டாக்டரைப் பார்க்கவில்லை, நிச்சயம் செய்திருந்த பெண்ணும் கூடப் போயிருந்தாள் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்து, "தைக்கலாம்னு சொல்லிட்டாருல்லப்பா, பொறகென்ன" என்றாளாம். இதை எழுதச் சொன்னதும் அவள்தான். நான் மாதாமாதம் மாத்திரை வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். ஊரில் என் பற்களுக்கு நடந்த வைத்தியம் போல் வேறு யார் பற்களுக்கும் நடந்ததில்லை. வெளியூர்க்காரர் யாராவது டீக்கடைக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத நான் அதை மட்டும் தடுமாறாமல் சொல்வேன். கடைசியில் வாயைத் திறந்து காட்டுவேன்.

படிப்பு முடிந்து அவருக்கு மதுரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் வெள்ளைத் துணி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளும் நீளக் கோட்டு தைக்க வேண்டும் என்றார். மதுரையில் பெரிய தையற்காரர்கள் இருக்கிறார்களே என்றேன். "இது ஒங்க வேலைண்ணே" என்றார்.

கோட்டை மெஷினில் முடித்துவிட்டு, பட்டனுக்குக் காஜா மட்டும் கையால் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் ஸ்டூலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் தூணில் சாய்ந்து நின்று, மதுரையில் இவர் யாரை எங்கே அனுப்பப்போகிறார் என்று தச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். துணிக்கு அடியில் தாங்கியிருந்த இடது சுண்டுவிரலில் ஊசி ஏறியது.

"ஸ்" என்றேன்.

அவர் பேப்பரை இறக்கினார். "என்னண்ணே?"

"ஊசி குத்திருச்சு."

"எந்த விரலு?"

காட்டினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்லா வலிக்குதா?"

"நல்லா வலிக்குது."

"ரொம்ப நல்லது" என்றார்.

டீக்கடைக்காரர் தச்சரைப் பார்த்தார். "கேட்டீங்களா? ஊசி குத்துனா ரொம்ப நல்லதாம். படிச்சு முடிச்சுட்டாரு பாருங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் என் கையை விடவில்லை. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது. துவைத்தால் போய்விடும் என்றேன். இருக்கட்டும் என்றார்.